33 வயதில் மறுபடியும் மாணவர்: ஸ்கூலில் பாடம் நடத்திக்கொண்டே பாரீஸில் டாக்டர் பட்டம் வாங்கிய ஊட்டி நடராஜ குரு

மே மாத சீசனில் ஊட்டிக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். சாக்லேட் கடையில் பில் போடும் பையன், வர்க்கி பாக்கெட் கட்டித் தரும் பெண், லாட்ஜ் வரவேற்பறையில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கும் இளைஞர் என்று கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அவர்களில் சிலர் கல்லூரியில் படிப்பவர்களாக இருப்பார்கள். அப்பாவோ அம்மாவோ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பார்கள். சீசனில் சம்பாதிப்பது ஜூன் மாத ஃபீஸுக்கும் பஸ் பாஸுக்கும் போகும்.

படிக்கணும் என்றால் வேலை பார்க்கணும். இது இந்த மலைக்குப் புதிய கதை இல்லை. ஊட்டி ஸ்டேஷனுக்கு முன்னால் வரும் ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலம் என்ற அமைதியான இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கியவர், சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பாரீஸின் புகழ்பெற்ற சோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டத்தோடு ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம்.

யார் இந்த நடராஜ குரு?

இயற்பெயர் பி.நடராஜன். 1895-ல் பெங்களூரில் பிறந்தார். கேரளத்தின் சமூக சீர்திருத்தவாதி ஸ்ரீ நாராயண குருவின் நேரடிச் சீடர். ஊட்டி குருகுலத்தைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் நித்ய சைதன்ய யதியின் பெயரோடு சேர்த்துத்தான் அறிந்திருப்பார்கள். எழுத்தாளர் ஜெயமோகன் தன் ஆசிரியராகத் தொடர்ந்து எழுதிவரும் அந்த நித்யாவுக்கு குரு, நடராஜ குரு.

இவர் கதையைச் சொல்ல, முதலில் இவருடைய அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு மறுக்கப்பட்ட சீட்

நடராஜனின் தந்தை டாக்டர் பல்பு. 1863-ல் திருவனந்தபுரத்தில், ஈழவர் சமூகத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு திருவிதாங்கூர் அரசின் தேர்வை எழுதினார், தேறினார். ஆனாலும் சீட் கிடைக்கவில்லை. சாதிதான் காரணம்.

சொந்த சமஸ்தானத்தில் கதவு சாத்தப்பட்டதும் சென்னைக்குப் போய், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்தார். டாக்டராகத் திரும்பிப் போனபோதும் திருவிதாங்கூர் அவருக்கு அரசு வேலை தரவில்லை. கடைசியில் மைசூர் அரசுதான் வேலை கொடுத்தது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, பலர் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நோயாளிகள் நடுவே நின்று பணியாற்றினார்.

தனக்கு நடந்ததை அவர் சொந்தச் சோகமாக வைத்துக்கொள்ளவில்லை. 1896-ல், ஈழவர்களுக்கு அரசுப் பள்ளியிலும் அரசு வேலையிலும் இடம் கேட்டு 13,176 பேர் கையெழுத்திட்ட மனுவை திருவிதாங்கூர் மகாராஜாவிடம் கொடுத்தார். 1903-ல் நாராயண குருவின் தலைமையில் எஸ்.என்.டி.பி. யோகம் உருவானதில் பல்புவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வீட்டில்தான் நடராஜன் வளர்ந்தார். நாராயண குரு வந்து போகும் வீடு அது. படிப்பு என்பது அங்கே வெறும் மார்க் விஷயம் இல்லை, போராடி வாங்கிய உரிமை.

மாநிலக் கல்லூரியிலிருந்து மலைக்கு

நடராஜன் சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் படித்தார். பிறகு சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். 1920-களில் இப்படி ஒரு சர்டிஃபிகேட் கையில் இருந்தால் அரசு வேலை, பென்ஷன் என்று வாழ்க்கை ஒரு தடத்தில் ஓடியிருக்கும். அவர் அந்தத் தடத்தில் ஏறவில்லை. நாராயண குருவின் சீடராகச் சேர்ந்துவிட்டார்.

1923-ல் குருவின் ஆசியோடு நீலகிரியில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து கற்கும் பழைய குருகுல முறையை, சாதி வித்தியாசம் இல்லாமல், இந்தக் காலத்துக்கு ஏற்றபடி நடத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் யோசனை. அந்த முயற்சி ஃபெர்ன்ஹில்லில் வந்து நின்றது.

ஃபெர்ன்ஹில் அப்போது எப்படிப்பட்ட இடம்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லேயே வந்துவிட்ட மலை ரயில், 1908-ல்தான் ஃபெர்ன்ஹில் வழியாக ஊட்டியை எட்டியது. மைசூர் மகாராஜாவின் கோடை மாளிகை அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் அரண்மனையும் வெள்ளைக்கார துரைமார்களின் பங்களாக்களும். இன்னொரு பக்கம், கையில் காசில்லாமல் பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தப் பார்க்கும் ஒரு இளைஞர்.

நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் பள்ளி ஓடாது. அரிசி வாங்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், குளிருக்குக் கம்பளி வேண்டும். குருகுலத்தின் இந்த முதல் அத்தியாயம் அதிக காலம் நீடிக்கவில்லை.

33 வயதில் கப்பல்

1928. நடராஜனுக்கு 33 வயது. இன்றைக்கு அந்த வயதில் இருப்பவர்கள் ஹோம் லோன் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் மறுபடியும் மாணவராகப் போகிறார், அதுவும் மொழி தெரியாத ஐரோப்பாவுக்கு.

கல்வியைப் பற்றி உலகத் தரத்தில் படித்துவிட்டு வரவேண்டும் என்பது திட்டம். நாராயண குருவின் ஆசியும் ஆதரவும் இருந்தன. ஆனால் அவர் போய்ச் சேர்ந்த அதே வருடம், செப்டம்பர் 20 அன்று, வர்க்கலையில் நாராயண குரு மறைந்தார். யாருக்காகப் போனாரோ அவர் இல்லை. ஐரோப்பாவில் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. திரும்பி வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் திரும்பவில்லை. வேலையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கூல் ஒரு நாட்டில், பல்கலைக்கழகம் இன்னொரு நாட்டில்

ஜெனீவா ஏரிக்கரையில் கிளாண்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஃபெல்லோஷிப் ஸ்கூல் என்ற சர்வதேசப் பள்ளி இருந்தது. நடராஜன் அங்கே ஆசிரியரானார். கிளாண்ட் இருப்பது சுவிட்சர்லாந்தில். அவர் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்ததோ பிரான்ஸின் தலைநகர் பாரீஸில். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர், ஒரு நாட்டு எல்லை.

இப்படித்தான் ஏறக்குறைய ஐந்து வருடங்கள் ஓடின. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது ஒரு பக்கம், ஆய்வு இன்னொரு பக்கம். இந்தப் பார்ட் டைம் வாழ்க்கையில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று, அவர் தேர்ந்தெடுத்த இடம். முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கம் ஜெனீவாவில் இயங்கிவந்த காலம் அது. ரூசோவின் பெயரில் 1912-ல் தொடங்கிய கல்வி ஆய்வு நிறுவனம் அங்கே இருந்தது. குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்வியைப் பற்றிப் புதிதாகப் பேசும் ஆட்கள் கூடும் ஊராக ஜெனீவா இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், சரியான நெட்வொர்க் உள்ள ஊர்.

இரண்டு, அவர் செய்த வேலை. ஆய்வின் தலைப்பு, கல்விச் செயல்பாட்டில் தனிமனித அம்சம் பற்றியது. அதாவது, படிப்பு நடப்பது புத்தகத்தாலா, கட்டடத்தாலா, அல்லது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள உறவாலா என்ற கேள்வி. இதை ஆராய்பவருக்கு வகுப்பறையைவிட நல்ல ஆய்வுக்கூடம் எது? வயிற்றுக்குச் செய்த வேலையும் மனசுக்குச் செய்த படிப்பும் ஒரே திசையில் போயின.

மூன்று, மொழி. ஆய்வேட்டை அவர் எழுதியது பிரெஞ்சில். ஆங்கில வழியில் சென்னையில் படித்த ஒருவர், முப்பது வயது தாண்டிப் புதிய மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே சோர்போனின் பேராசிரியர்கள் முன்னால் வாதாட வேண்டியிருந்தது. டாக்டர் பட்டம் உயர்ந்த மதிப்போடு கிடைத்தது.

இங்கே ஒரு சிறிய திருத்தம். தத்துவ மேதை ஆன்றி பெர்க்சனிடம் அவர் சோர்போனில் படித்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பெர்க்சன் பேராசிரியராக இருந்தது சோர்போன் அல்ல, கொலேஜ் து பிரான்ஸ் என்ற வேறு நிறுவனம். அங்கிருந்தும் 1921-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பெர்க்சனின் சிந்தனை நடராஜனை ஆழமாகப் பாதித்தது என்று சொல்வதே சரி.

சைடில் எழுதிய கட்டுரைகள்

வேலை, படிப்பு இரண்டுக்கும் நடுவில் அவர் மூன்றாவதாக ஒன்றையும் செய்தார். ஜெனீவாவிலிருந்து வந்துகொண்டிருந்த சூஃபி குவார்ட்டர்லி என்ற ஆங்கில இதழில் நாராயண குருவைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்.

அதே ஏரியின் மறுமுனையில் வில்நவ் என்ற ஊரில் அப்போது குடியிருந்தவர், நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட். ராமகிருஷ்ணரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் நாராயண குருவும் இடம்பெற்றார். அதற்கு ஆதாரமாக இருந்தது நடராஜனின் எழுத்து. கேரளத்தைத் தாண்டி அதிகம் தெரியாத ஒரு பெயர் ஐரோப்பிய வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். சம்பளம் தந்த வேலை அவரைப் படிக்க வைத்தது, சம்பளம் பெரிதாகத் தராத எழுத்து அவருடைய குருவை உலகத்துக்குச் சொன்னது.

அதே காலத்தில் மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

வேலை பார்த்துப் படித்ததில் நடராஜன் தனி ஆள் இல்லை. கொஞ்சம் முன்னும் பின்னுமாக வெளிநாட்டில் படித்த இரண்டு பெரிய பெயர்களைப் பார்க்கலாம்.

ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1922-ல் அமெரிக்கா போனார். ஏழு வருடங்கள் அங்கே இருந்தார். கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை, ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். ஃபீஸ் கட்டுப்படியாகும் இடம் தேடி ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்.

அம்பேத்கருக்கு 1913-ல் அமெரிக்கா போக பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. அடுத்து லண்டனில் தொடங்கிய படிப்பை, உதவித்தொகைக் காலம் முடிந்ததால் பாதியில் விட்டு 1917-ல் திரும்ப வேண்டியிருந்தது. பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி ஆகியவற்றோடு 1920-ல் மறுபடியும் லண்டன் போய் முடித்தார்.

மூன்று பேர், மூன்று வழி. ஒருவர் உடல் உழைப்பால் படித்தார். ஒருவர் முதலில் சம்பாதித்துச் சேர்த்துவிட்டுப் போனார். நடராஜன் தான் படித்த துறையிலேயே வேலை தேடிக்கொண்டார். எது சிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றிலும் ஒரு பொதுவான விலை உண்டு, அது காலம். வீட்டிலிருந்து பணம் வரும் ஒருவர் சீக்கிரம் முடித்துவிடும் படிப்பை, இவர்கள் பல வருடங்கள் இழுத்து முடிக்க வேண்டியிருந்தது.

பட்டம் இருக்கு, வேலை இல்லை

1933-ல் நடராஜன் இந்தியா திரும்பினார். உலகப் பொருளாதார மந்தம் இன்னும் தீராத நேரம். கையில் சோர்போன் டாக்டர் பட்டம், ஐந்து வருட வெளிநாட்டு ஆசிரியர் அனுபவம். இந்தியாவில் கல்வித் துறைக்கு இதைவிடத் தகுதியான ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இருந்தும் வேலை கிடைக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடங்கள் பொருத்தமான வேலை தேடிப் பல ஊர்கள் அலைந்தார். அவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குப் படிக்கும்போதே சீட் மறுக்கப்பட்டது, படித்த பிறகு வேலையும் மறுக்கப்பட்டது. மகனுக்கு உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றின் பட்டம் இருந்தும் சொந்த நாட்டில் ஒரு நாற்காலி அமையவில்லை.

நாற்பது வயதில் அவர் திரும்பி வந்த இடம், கைவிடப்பட்டுக் கிடந்த ஃபெர்ன்ஹில் குருகுலம். அங்கே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு தங்கினார். ஊட்டிக் குளிரில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு டிசம்பர் இரவு எப்படி இருக்கும் என்பது அங்கே தங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் அங்கே கழித்தது ஓரிரு இரவுகள் அல்ல, பல வருடங்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது தோல்வி. அவர் அந்த வருடங்களைத் தன் குருவின் நூல்களைப் படித்து, யோசித்து, எழுதுவதில் செலவழித்தார். பட்டத்துக்காக எழுதும்போது டெட்லைன் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கொட்டகையைத் தேடி வந்த உலகம்

பிறகு மெதுவாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஸ்பியர்ஸ் அவருக்குச் சீடரானார். 1955-ல் பெங்களூருக்குப் பக்கத்திலிருந்து வேல்யூஸ் என்ற ஆங்கில மாத இதழை அவர் தொடங்க, நடராஜ குரு அதில் தொடர்ந்து எழுதினார். அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து தன்னை உலகக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்ட கேரி டேவிஸும் அவரைக் குருவாக ஏற்றவர்களில் ஒருவர்.

1950-களின் தொடக்கத்தில், தத்துவம் படித்த ஜெயச்சந்திரன் என்ற இளைஞர் சீடராகச் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் நித்ய சைதன்ய யதி. அவரும் சென்னை விவேகானந்தா கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள உறவுதான் கல்வியின் மையம் என்று சோர்போனில் எழுதிக் கொடுத்த ஆய்வேடு, ஃபெர்ன்ஹில்லில் நிஜமானது.

1952-ல் நாராயண குருவைப் பற்றிய அவருடைய முக்கியமான ஆங்கில நூல் வெளிவந்தது. தன் சுயசரிதையையும் எழுதினார். 1973 மார்ச் 19 அன்று வர்க்கலையில் மறைந்தார். அதன் பிறகு குருகுலத்தை நித்யா வழிநடத்தினார். 1999-ல் அவர் மறைந்ததும் ஃபெர்ன்ஹில்லில்தான்.

இன்றைக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு

நடராஜன் போன காலத்தில் மாணவர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று இப்போதுபோல் கணக்கு வைத்துப் பார்க்கவில்லை. இன்று வெளிநாட்டில் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது.

* பிரான்ஸ்: வருடத்துக்கு 964 மணி நேரம் வரை.
* சுவிட்சர்லாந்து: படிப்பு தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் அனுமதி. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 15 மணி நேரம்.
* பிரிட்டன்: பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்.
* ஜெர்மனி: வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள்.
* அமெரிக்கா: வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். வெளியே வேலை பார்க்கத் தனி அனுமதி தேவை.

இந்த விதிகள் அடிக்கடி மாறும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பார்ட் டைம் வருமானம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைகொடுக்கும். முழு ஃபீஸையும் அதை நம்பிக் கணக்குப் போட்டுக் கடன் வாங்குவது ஆபத்து.

உள்ளூரில் படிப்பவர்களுக்கு, அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டன. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவது சீசன் சம்பளத்தைக் கையில் வாங்காமல் போவதற்குச் சமம்.

நடராஜ குருவின் வாழ்க்கை, வேலை பார்த்துப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஆகவும் இல்லை. பட்டம் கிடைத்த பிறகுதான் மிகக் கடினமான வருடங்கள் வந்தன. ஆனால் கிளாண்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் கற்றதை, தகரக் கொட்டகையில் அவர் தொலைத்துவிடவில்லை.

அடுத்த முறை மலை ரயிலில் ஊட்டிக்குப் போகும்போது, கடைசி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபெர்ன்ஹில் வரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.